ஐயர் வராத ஞாயிறு

1

ஜெர்மனிக்கு வந்து எனக்கு இருபது வருடம் முடிந்த அன்று இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, நான் செவிலியாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலிருந்து: ஒரு வாழ்த்து அட்டையும், பூந்தொட்டி வாங்கிக்கொள்ள ஒரு சீட்டும். இன்னொன்று எங்கள் சபைச் செயலாளர் கிளவுஸிடமிருந்து. கிளவுஸ் ஓய்வுபெற்ற சர்வேயர். வாசலில் பார்த்து வாயால் சொல்லிவிடக்கூடிய விஷயத்தையும் கடிதமாக எழுதி, பத்திக்குப் பத்தி எண் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்புகிறவர். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு.

கடிதத்தில் இரண்டு செய்திகள். முதலாவது, வழக்கம்போல அக்டோபர் மாத மிஷன் ஞாயிறன்று நான் 'மிஷன் களத்திலிருந்து ஒரு குரல்' என்று பத்து நிமிடம் பேச வேண்டும். சேலை கட்டி வந்தால் நல்லது. இரண்டாவது, ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகக் குறைந்துவிட்டார்கள், நம் போதகர் தலையில் இப்போது நான்கு ஊர்ச் சபைகள் விழுந்துவிட்டன; ஆகவே புத்தாண்டிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டுமே ஆராதனை, மற்ற ஞாயிறுகளில் கோயில் பூட்டியிருக்கும். நவம்பர் கடைசியில் சபைக் குழு கூடி இதை முடிவு செய்யும்.

முதல் செய்தியைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டாவதைப் படித்ததும் பயம் வந்தது. உண்மையைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள் யார் யாருடைய அப்பா அம்மாவையோ குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்கவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும்தான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு வராத ஊரில் சத்தமாகப் பாடி, 'கிரேஸ், எப்படி இருக்கிறாய்' என்று நாலு பேர் கேட்க, நானும் ஓர் ஆள் என்று வீடு திரும்புவேன். அந்தக் கதவைப் பூட்டிவிட்டால், வீட்டில் என் மகளை விட்டால் இந்த ஊரில் எனக்கு மிச்சம் இருப்பது வேலை நேர அட்டவணை மட்டும்தான்.

கோபத்துக்குக் காரணம் ஒரு புகைப்படம். மிஷன் ஞாயிறு தோறும் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காட்டுவார்கள்: ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம், முன்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள், யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. படம் முடிந்ததும் எல்லோரும் அன்போடு என் பக்கம் திரும்புவார்கள். நான் பிறப்பதற்குப் பல வருடம் முன்னால் எடுத்த படம் அது. என் தம்பி வீட்டில் வாஷிங் மெஷினும் இருக்கிறது, வயலுக்கு அறுவடை இயந்திரமும் வருகிறது என்று ஒருமுறை சொன்னேன். பாவம், முகம் வாடிப்போனார்கள். அடுத்த வருடத்திலிருந்து சமோசா சுட்டு எடுத்துக்கொண்டு போய்ச் சமாளித்துவந்தேன்.

2

எங்கள் ஊர் குடவாசலிலிருந்து திருவாரூர் போகிற சாலையில் இருக்கிறது. பஸ் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்கும். நாற்பது வீட்டுச் சபை. எங்கள் பக்கத்து லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயருக்கு எட்டு ஊர்கள். மாதம் ஒரு ஞாயிறு எங்கள் ஊருக்கு வந்து நற்கருணை கொடுத்துவிட்டு, அம்மா வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அப்பா அந்த ஊர் உபதேசியார். வித்தியாசத்தை எங்கள் ஊரில் எளிதாகச் சொல்வார்கள்: ஐயர் அங்கி போடுகிறவர், உபதேசியார் சைக்கிளில் போகிறவர். காலை ஜெபத்தை முடித்துக்கொண்டு அப்பா சைக்கிளை எடுத்தால் மத்தியானம் வரை யார் வீட்டிலாவது உட்கார்ந்திருப்பார். ஜமாபந்தி வந்தால் பாதி ஊருக்கு அவர்தான் மனு எழுதுவார். பட்டாவில் பேர் மாற்ற அலைகிற விதவைக்குத் துணையாகத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நாள் முழுக்க உட்காருவார். சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக எழுந்திருப்பார். யாரையும் மதம் மாறச் சொல்லி அவர் பேசி நான் கேட்டதில்லை. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், பேச்சு அவ்வளவுதான். கேட்டால் 'மிஷன் வேலைக்குப் போயிட்டு வரேன்' என்பார். அம்மா, 'உக்காந்துட்டு வர்றதுக்கு இப்படி ஒரு பேரா?' என்பாள்.

அம்மாவின் மிஷன் வேலை அடுப்பங்கரையில். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போடுவாள். சபையில் எல்லா வீட்டுப் பெண்களும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் அண்டாவில் கொட்டுவார்கள். பிடி அரிசிக் காணிக்கை என்று பேர். எதிர்வீட்டுச் செல்லம்மாக்கா மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர். அவரும் ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டுவார். 'எங்க அரிசியயும் சேத்துக்கங்க. வேணாம்னா சொல்லிடப்போவுது ஒங்க சாமி?' என்பார்.

ஆக அண்டாவில் பொன்னி இருக்கும், ரேஷன் புழுங்கல் இருக்கும், பச்சரிசி இருக்கும், குறுவையில் அறுத்த குண்டு அரிசி இருக்கும். அதைச் சோறாக வடித்தால் ஒரு பருக்கை குழைந்துபோகும், பக்கத்துப் பருக்கை பல்லில் நெறுக்கென்று மாட்டும். அதனால் அம்மா அதை எப்போதும் கஞ்சியாகத்தான் காய்ச்சுவாள். 'வேகாத அரிசி வேவுற வரைக்கும் வெந்தது பொறுத்துக்கட்டும்' என்று சொல்லி விறகைத் தள்ளுவாள்.

ஆவணி மாதம் எங்கள் சாலை வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். காவித் துணி, கையில் கொடி, காலில் கொப்புளம். பாதிப் பேர் கத்தோலிக்கர்கள், பாதிப் பேர் இந்துக்கள். மாதா வழிபாடு இல்லாத லுத்தரன் ஒருவர்கூட இருக்கமாட்டார். அண்டா அரிசியில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான் கஞ்சியாகப் போகும். ஒருமுறை மேலிடத்திலிருந்து சபையைப் பார்வையிட வந்த பெரியவர் ஒருவர், 'மாதா கோயிலுக்குப் போறவங்களுக்கு நம்ம மிஷன் அரிசிய எதுக்குய்யா ஊத்துறீங்க?' என்று கேட்டுவிட்டார். அப்பா துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: 'அவங்களுக்குக் கால் வலிக்குதுங்க ஐயா.'

பெரியவர் அன்று சாயங்காலம் வரை எங்களோடு நின்று கரண்டி பிடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

3

மிஷன் ஞாயிறு வந்தது. நான் சேலை கட்டவில்லை. நல்ல மழை, சைக்கிளில் போக வேண்டும். வழக்கமான படம் திரையில் வந்து போனது. பதினான்கு பேர் அன்போடு என் பக்கம் திரும்பினார்கள்.

எழுதிவைத்த தாளை விட்டுவிட்டுப் பேசினேன். "இந்தப் பிள்ளைகள் யாரென்று எனக்குத் தெரியாது. இப்போது அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், அதில் ஒன்றிரண்டு பேர் இங்கேயே வேலை பார்க்கவும் கூடும். மிஷன் களம் என்றால் என்ன? ஆள் குறைந்த சபை, போதகர் கிடைக்காத ஊர், பூட்டப்போகிற கோயில். அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பாருங்கள்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. என் ஜெர்மன் பாதி வழியில் காலை வாரும்; அன்று பார்த்து ஒரு பிழையும் இல்லாமல் வந்து தொலைத்தது. முன் பெஞ்சில் இருந்த எங்கள் போதகர் லேனா மட்டும் தலையை ஆட்டினாள். முப்பத்தைந்து வயதுப் பெண். எங்கள் ஊரில் ஐயரின் மனைவியைத்தான் ஐயரம்மா என்போம். அவளைப் பற்றி முதன்முதலில் ஊருக்குச் சொன்னபோது என் தம்பி சாமுவேல், 'ஐயரம்மாவே ஐயராக்கா? நல்லாருக்கே! அப்ப அவங்க வீட்டுக்காரர என்னன்னு கூப்புடுவீங்க?' என்று கேட்டான்.

நிலைமையைச் சமாளிக்க அவசரமாகப் பிடி அரிசியைப் பற்றிச் சொன்னேன். "நாமும் செய்வோம். தினம் சமைக்கும்போது ஒரு கைப்பிடி தனியாக எடுத்துவையுங்கள். நான்கு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள்."

கிளவுஸ் பேனாவைத் திறந்தார். "ஒரு கைப்பிடி என்றால் எத்தனை கிராம்?"

"அது யார் கை என்பதைப் பொறுத்தது."

'யார் கை என்பதைப் பொறுத்தது' என்று அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆர்கன் வாசிக்கும் ஹில்டே, தான் சாயங்காலம் ரொட்டிதான் சாப்பிடுவதாகவும், ரொட்டியில் கைப்பிடி எப்படி என்றும் கேட்டார். ஓர் உருளைக்கிழங்கு போதுமா என்று ஒருவர். நூடுல்ஸ் சேர்த்தியா என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். நான் வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்தால் மகள் ஹன்னா காத்திருந்தாள். பதினாறு வயது. இரண்டு வருடம் முன்னால், பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனையில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றதோடு சரி, அதற்கப்புறம் கோயில் பக்கம் வரவில்லை. 'உள்ள குளிருது, வெளிய போர் அடிக்குது' என்பாள். எது உள்ளே எது வெளியே என்று அவள் தமிழில் எப்போதும் ஒரு தடுமாற்றம்.

"அம்மா, மிஷன்னா மத்தவங்களை மாத்துறதுதானே? ஸ்கூல்ல படிச்சோம். அது நல்லது இல்ல."

"உன் தாத்தா யாரையும் மாத்தலடி. போய் உக்காந்துட்டு வந்தாரு."

"உக்கார்றதுக்கு எதுக்கு ஒரு சர்ச்?"

நல்ல கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்து, பாத்திரம் கழுவச் சொன்னேன்.

4

நான்கு வாரம் கழித்து ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய கூடத்து மேசையில் எல்லாம் வந்து குவிந்தன. பாசுமதி, பாயச அரிசி மாதிரி ஒரு குட்டை அரிசி, பார்லி, ஓட்ஸ், சிவப்புப் பருப்பு, சங்கு வடிவ நூடுல்ஸ். தினம் ஒன்று என்று இருபத்தெட்டு உருளைக்கிழங்கு. ஹில்டே பதினொரு காரட். கிளவுஸ் இருபத்தெட்டு சின்னக் காகிதப் பொட்டலங்களை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் தேதி, 'ஒரு கைப்பிடி, சொந்தக் கை' என்ற குறிப்பு. அவர் அதைக் கிண்டலாகச் செய்யவில்லை. அந்தப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியைப் படித்துப் பார்த்தேன்.

அடுத்ததாக அவர் கேட்டார்: "இனி இது எங்கே போகும்?"

அப்போதுதான் என் புத்தி எனக்குத் தெரிந்தது. இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் பிடி அரிசி எங்கே போகும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்; அண்டா நிறைவதற்குள் சாலையில் பசித்தவன் யாராவது வந்துகொண்டிருப்பான். இங்கே, இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் மையத்துக்குப் போன் பண்ணினேன். அன்பாகப் பேசினார்கள். பிரித்த பாக்கெட்டிலிருந்து எடுத்ததை வாங்கக்கூடாது என்று விதியாம். அதிலும் கையால் எடுத்தது கூடவே கூடாதாம். கையால் எடுத்தது என்பதுதானே இதில் விசேஷம் என்று சொல்லிப் பார்த்தேன். மன்னிக்கச் சொன்னார்கள்.

பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைக்கு மேல் கோயிலைப் பூட்டும் பேச்சு தொங்கிக்கொண்டிருக்க, நான் வேறு அவர்களை ஒரு மூட்டைத் தானியத்தோடு நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன் என்று அவமானமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹன்னா உள்ளே வந்தாள். பக்தி ஒன்றும் பொத்துக்கொண்டு வரவில்லை. வீட்டுச் சாவியை மறந்துவிட்டாளாம். மேசையைப் பார்த்துச் சிரி சிரியென்று சிரித்தாள். அப்புறம் ஜன்னலைக் காட்டினாள்.

"அம்மா, பஸ் ஸ்டாப்ல ஆளு நிக்கிறாங்க."

கோயிலுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். இருபது வருடமாக அந்த வழியாகத்தான் கோயிலுக்குள் நுழைகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பஸ். இரவு வேலை முடித்த பெண்கள், காய்கறிப் பண்ணையில் வேலை செய்யும் ருமேனியாக்காரர்கள், சிரியாவிலிருந்து வந்து படிக்கிற ஒரு பையன், எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் மனைவியைப் பார்க்கப் போகும் ஒரு கிழவர். நவம்பர் காற்றில் கழுத்தைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

கூடத்துச் சமையலறையில் வருடாந்தர விழாவுக்கு வைத்திருக்கும் பெரிய பாத்திரத்தை இறக்கினோம். கையால் எடுத்ததைக் கொதிக்கவைத்தால் ஒன்றுமில்லை என்று லேனா தீர்ப்புச் சொன்னாள். எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் கூழாகிவிட்டது. பார்லி அசையவே இல்லை. ஹில்டே பதறினார். "பார்லி வேகும் வரை மற்றது பொறுத்துக்கொள்ளட்டும்" என்றேன். ஜெர்மனில் அதைச் சொன்னபோது என் குரல் அப்படியே அம்மா குரலாக இருந்தது. ஹன்னா ஓர் அட்டையில் என்னென்ன போட்டிருக்கிறது, யாருக்கு எது ஒவ்வாது என்று பட்டியல் எழுதி ஒட்டினாள். சட்டப்படி வேண்டுமாம். கிளவுஸுக்கு அவளை அன்றே பிடித்துப்போய்விட்டது.

பாத்திரத்தை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தோம். ஒருவரும் வாங்கவில்லை. எந்தக் கட்சி என்று ஒரு பெண் கேட்டாள். எதற்காக இது என்று கிழவர் கேட்டார்.

"உங்களுக்குக் குளிருதே" என்றேன்.

அவர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "நான் சபையிலிருந்து விலகியவன். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு விலகினேன், தாள் வீட்டில் இருக்கிறது. குடிக்கலாமா?"

இங்கே அது அப்படித்தான். பத்து நிமிட வேலை, முத்திரையோடு சான்று கொடுப்பார்கள். சபையை விட்டுப் போக ஆபீஸில் வரிசையில் நிற்கலாம் என்பது என் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நம்பமுடியாத செய்தி; எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டு போகிறவர் கடைசி பெஞ்சு வரைக்கும்தான் போவார். குடிக்கலாம் என்று சொல்லிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். அவர் குடித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வாங்கினார்கள்.

அடுத்த ஞாயிறு பாத்திரத்தை வெளியே தூக்கவில்லை, கதவைத் திறந்துவைத்தோம். எட்டுப் பேர் உள்ளே வந்து உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். கடைசிப் பாட்டுக்கு இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். யாரும் சபையில் சேரவில்லை, ஒருவர்கூட இல்லை. சூப் நன்றாக இருக்கிறது என்றும் யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தச் சிரியாப் பையன் ஒரு பொட்டலம் கோதுமை ரவை கொண்டுவந்து வைத்தான்.

5

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் லேனா என் வீட்டுக்கு வந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். சூப் நல்ல காரியம்தான், ஆனால் போதகர் இல்லை என்பது போதகர் இல்லை என்பதுதான். நான்கு ஊர், ஓர் ஆள். அவளால் வர முடியாத ஞாயிறுகளில் கோயில் பூட்டித்தான் இருக்கும். சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கியது.

அவள் போனதும் சாமுவேலுக்குப் போன் போட்டேன். வயலிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்தான்; மழை விடாமல் பெய்து, நட்ட தாளடிப் பயிரில் தண்ணீர் நிற்கிறது, வடியவிட வேண்டும் என்று அவன் ஒரு பாட்டுப் பாடினான். என் பாட்டு அதைவிட நீளம். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயி அழுவுறியேக்கா! எனக்கு ஒண்ணு சொல்லு. நமக்கு என்னைக்கு வாராவாரம் ஐயர் வந்தாரு?"

அவனே மேலே சொன்னான்.

"மாசத்துல ஒரு நாளு வருவாரு, கோழியத் தின்னுட்டுப் போவாரு. மிச்ச ஞாயித்துக்கெழமையெல்லாம் யாரு மணி அடிச்சா? அப்பாதானே? எப்பவாச்சும் கோயிலப் பூட்டிவச்சமா? ஏன்க்கா, அவ்வளவு பெரிய ஊர்ல ஒரு உபதேசியார் கெடைக்கமாட்டாரா?"

அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடம் இங்கே இருந்ததில் இந்த ஒன்றை நான் எப்படி மறந்தேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. போதகர் வராவிட்டால் கோயில் இல்லை என்று இவர்கள் நினைப்பதை நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றான். "போன மாசம் அந்தக் கடிதத்தப் பத்தி நீ சொன்னதிலேர்ந்து ஒங்க ஊரு பேரு நம்ம சபை ஜெபக் குறிப்புல வருது. இப்ப இருக்குற உபதேசியாருக்கு அந்தப் பேரு வாயில நொழையல, 'கிரேசக்கா இருக்குற ஊரு'ன்னே வாசிக்கிறாரு. இந்த மாசப் பிடி அரிசிய ஒங்க ஊர நெனச்சுப் போடுறாங்க பொம்பளைங்க. செல்லம்மாக்காவும்தான். 'பாவம், அந்த ஊர்ல சாமி கும்புட ஆளில்லியாம்ல'ன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுது."

சில நூறு வருடம் முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து மிஷனரிகள் சிலர் எங்களை நினைத்துப் பரிதாபப்பட்டுக் கப்பல் ஏறினார்கள். செல்லம்மாக்கா கப்பல் ஏறவில்லை, ஒரு சொம்பு அரிசி போட்டுவிட்டார். கிளவுஸுக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

6

குழுவில் ஏழு பேர். எனக்கு ஐந்து நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அப்பாவின் கதையைச் சொன்னேன். எட்டு ஊருக்கு ஓர் ஐயர். மாதத்தில் ஒரு ஞாயிறு நற்கருணை. மற்ற ஞாயிறுகளில் ஒரு வேதபாடம், இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் கஞ்சி. "இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் முன்னோர்தான். நீங்கள் மறந்துவிட்டீர்கள், எங்களிடம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். செல்லம்மாக்காவின் அரிசியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ஹில்டே கைக்குட்டையை எடுத்தார்.

கேள்விகள் வந்தன, வராமல் இருக்குமா? காப்பீடு யார் பேரில்? வெப்பம் முழுக் கோயிலுக்கா, கூடத்துக்கு மட்டுமா? போதகர் இல்லாமல் ஆசீர்வாதம் சொல்லலாமா? லேனா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவள் அவ்வளவு வேகமாகப் பேசி நான் பார்த்ததில்லை. முடிவு இதுதான்: போதகர் மாதம் ஒருமுறை வருவார். அதில் மாற்றமில்லை. ஆனால் மற்ற ஞாயிறுகளிலும் கதவு திறந்திருக்கும், உயிர்த்தெழுந்த பண்டிகையான ஈஸ்டர் வரை சோதனை முறையில். ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஐந்தாவதாகக் கிளவுஸ் தன் கையைத் தூக்கி, அதையும் தானே எண்ணிக்கொண்டார்.

மறுநாள் அவர் வீட்டுக்கு வரச் சொல்லிக் கடிதம். நான்கு வீடு தள்ளித்தானே, வேலையிலிருந்து வரும் வழியில் சைக்கிளை அவர் வேலியில் சாய்த்துவிட்டுப் போனேன். மேசையில் கோயில் சாவி இருந்தது, பக்கத்தில் ஒரு படிவம். பெயர், முகவரி, சாவி எண் எல்லாம் அவரே நிரப்பிவைத்திருந்தார். ஒரு கட்டம் மட்டும் காலி: பொறுப்பு.

"போதகர் என்று போட முடியாது. கோயில் காவலர் வேலை இடம் நீக்கப்பட்டுவிட்டது. நீங்கள் குழு உறுப்பினரும் இல்லை. இதைக் காலியாக விட்டால் படிவம் செல்லாது" என்றார் கவலையோடு. பேனாவை மூடித் திறந்தார். "உங்கள் ஊரில் இந்தச் சாவியை வைத்திருந்தவரை என்னவென்று அழைப்பார்கள்?"

சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னார். மூன்று முறை முயன்று தோற்று, படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதுங்கள். உங்கள் எழுத்தில்."

உபதேசியார் என்று எழுதினேன். எங்கள் ஊரில் அதுவரை ஒரு பெண்ணும் அந்தப் பேரில் இருந்ததில்லை. கடைசி எழுத்து கோணிவிட்டது.

கிளவுஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதற்கு என்ன பொருள்?"

"சைக்கிளில் போகிறவர்."

அவர் ஜன்னல் வழியாக வேலியோரம் நின்ற என் சைக்கிளை எட்டிப் பார்த்தார். விவரம் சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டி, முத்திரையைக் குத்தினார்.

புத்தாண்டுக்குப் பிந்தைய முதல் ஞாயிறு, ஒன்பது மணிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே நல்ல குளிர். ஹன்னா பின்னாலேயே உருளைக்கிழங்குப் பையோடு வந்தாள். 'நான் கோயிலுக்கு வரல, பஸ் ஸ்டாப்புக்கு வந்திருக்கேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவளை மணி அடிக்கச் சொல்லிவிட்டு நான் உலை வைத்தேன். சாமுவேல் போனில் வந்து, ஐயர் வந்துட்டாராக்கா என்று கேட்டான். இல்லடா, நான் வந்துட்டேன் என்றேன்.